சின்ன ஸ்போர்ட்டி காரில் கோளாறா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

விலையும் எடையும் குறைவு, ஓட்டுவதில் உற்சாகம் அதிகம் என்று ஒரு கார் வகை உண்டு. 1976-இல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐக்கு இருந்தது 110 குதிரைத்திறன், எடை 800 கிலோ சொச்சம். 1984-இல் வந்த பியூஜோ 205 ஜிடிஐ, 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, 2012-இன் டொயோட்டா 86, சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் எல்லாம் அந்த வரிசையில் வருபவை. நேர்ச்சாலை வேகத்தில் இவற்றைத் தோற்கடிக்க எத்தனையோ வண்டிகள் இருக்கின்றன. ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் வண்டியின் மூக்கு திரும்புவதும், டயர் பிடிப்பு எங்கே தளர்கிறது என்பது கைக்கும் இடுப்புக்கும் தெரிவதும்தான் இவற்றின் சுகம்.

அந்தச் சுகத்தைத் தரும் அதே குணம்தான் சொந்தக்காரரைக் குழப்பவும் செய்கிறது. எடை குறைவு, ஒலித்தடுப்புப் பஞ்சு குறைவு, சஸ்பென்ஷன் இறுக்கம். பெரிய செடானில் வருடக்கணக்கில் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஒரு புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறை) தேய்மானம் இதில் முதல் வாரமே கேட்டுவிடும். சிலர் வண்டியின் இயல்பான சத்தத்தை நோய் என்று நினைத்து நல்ல பாகங்களை மாற்றுகிறார்கள். சிலர் உண்மையான நோயை "ஸ்போர்ட்டி கார் என்றால் இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர், வண்டி சப்பென்று ஆகிவிட்டது, பவர் போதவில்லை என்று டியூனிங்கில் பணத்தைக் கொட்டுகிறார்கள். இந்த மூன்றாவது கூட்டத்தைப் பார்த்தால்தான் எனக்கு அதிக வருத்தம். அவர்களில் பெரும்பாலோருடைய வண்டி கேட்பது நல்ல டயரையும் புது ரப்பர் புஷ்களையும் புது ஆயிலையும்தான். எதையும் கூடுதலாகச் சேர்ப்பதற்கு முன்னால் வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கான வழிதான் கீழே இருப்பது.

தொடங்கும் முன்

அறிகுறி எப்போது வருகிறது என்று எழுதிவையுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மிலா, குறிப்பிட்ட வேகத்திலா? கியரை மாற்றியும் அதே வேகத்தில் சத்தம் வந்தால் சக்கரம், பேரிங், டயர் பக்கம் தேடலாம். வேகம் எதுவாக இருந்தாலும் ஒரே ஆர்.பி.எம்.மில் வந்தால் இன்ஜின், சைலன்சர் பக்கம். இந்த ஒரு கேள்வியே பாதிப் பாகங்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். மெக்கானிக்கிடம் போவதாக இருந்தாலும் இந்தக் குறிப்போடு போங்கள்.

ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் கீழே போக வேண்டும்.

"ஸ்டீயரிங் மந்தமாக இருக்கிறது, பழைய துடிப்பு இல்லை"

அடிக்கடி கேட்கும் புகார் இதுதான். சரியாகச் செய்தால் கை மேல் பலன் கிடைப்பதும் இதில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் காற்றழுத்தம். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், உங்கள் வண்டிக்கு ஏற்ற அழுத்தம் அல்ல. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழ 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ அளவுக்கு மாறும். எடை குறைந்த வண்டியில் 3 பிஎஸ்ஐ வித்தியாசத்தையே கை உணர்ந்துவிடும். முன்னும் பின்னும் வேறு வேறு அழுத்தம் குறிப்பிட்டிருந்தால் அதை மதியுங்கள். வண்டியின் நடத்தையை வடிவமைத்தவர்கள் யோசித்துப் போட்ட எண் அது.

அடுத்து டயரின் வயது. பக்கச் சுவரில் டாட் என்ற குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. வார இறுதியில் மட்டும் ஓடும் வண்டிகளில் பட்டன் நிறைய இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப் போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் அந்த டயர் முடிந்துவிட்டது. பட்டன் ஆழத்தைக் காட்டி "இன்னும் ஓடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அதற்காகக் கடையில் கிடைப்பதிலேயே அதிகப் பிடிப்புள்ள, அதிக அகலமான டயரைத் தேட வேண்டியதில்லை. முதல் தலைமுறை டொயோட்டா 86 வெளிவந்தபோது, சாதாரணக் கார்களுக்குப் போடும் மிச்செலின் பிரைமசி டயரைத்தான் 215 அளவில் போட்டுத் தந்தார்கள். குறைந்த வேகத்திலேயே வண்டி விளையாட்டுத்தனமாக இருக்க வேண்டும் என்பது திட்டமிட்ட முடிவு. அதே வண்டிக்கு அகலமான, ஒட்டிக்கொள்ளும் டயரைப் போட்டால் வளைவு வேகம் கூடும். ஆனால் அந்தச் சுகம் தெரிய, பொதுச்சாலையில் ஓட்டக் கூடாத வேகத்துக்குப் போக வேண்டியிருக்கும். பெரிய ரிம்மும் அப்படித்தான். சக்கரம் கனமானால் சஸ்பென்ஷனுக்கு அதை அடக்குவது கஷ்டம், பள்ளத்தில் அடி பலமாக விழும். ரிம் அளவைக் கூட்டுவதைவிட ஒரிஜினல் அளவில் தரமான டயர் போடுவதே என் தேர்வு. நான்கிலும் ஒரே பிராண்ட், ஒரே மாடல் இருக்கட்டும்.

டயர் சரி என்றால் வீல் அலைன்மென்ட். முன் டயரின் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? பட்டன்களின் மேல் கையைக் குறுக்கே ஓட்டினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருக்கிறதா? அப்படியென்றால் டோ கோணம், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, கலைந்திருக்கிறது. பின்சக்கரங்களையும் சரிசெய்ய முடிகிற வண்டியானால் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட் கருவியின் திரையில் "பச்சைக்குள் இருக்கிறது" (அனுமதித்த வரம்புக்குள்) என்பதோடு விடாமல், இடமும் வலமும் சமமாக இருக்கும்படி செய்யச் சொல்லிக் கேளுங்கள். எம்எக்ஸ்-5 போன்ற வண்டியில் நல்ல அலைன்மென்ட் தரும் வித்தியாசம், விலை உயர்ந்த ஸ்பிரிங் தரும் வித்தியாசத்தைவிடப் பெரியது.

அதற்கும் பிறகுதான் புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும். பத்துப் பதினைந்து வருட வண்டியில் ரப்பர் புஷ்கள் வெடித்து, தளர்ந்து, ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தாமதத்தை உண்டாக்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. கசிவே இல்லாமலும் அது களைத்துப் போயிருக்கலாம். பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி ஒருமுறைக்கு மேல் எழுந்து அமர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

"ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஸ்டீயரிங் கையை இழுக்கிறது"

முன்சக்கர இழுவையும் டர்போவும் சேர்ந்த வண்டியில் இது ஓரளவு இயல்பு. இரண்டு பக்கத்து டிரைவ் ஷாஃப்ட்களும் நீளத்தில் வேறுபடுவதாலும், சாலையின் மேடுபள்ளத்தில் இரண்டு டயர்களின் பிடிப்பும் நொடிக்கு நொடி மாறுவதாலும் வருவது. முதல் இரண்டு கியரில், முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் வந்தால் அமைதியாக இருங்கள். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரைப் படிப்படியாக அழுத்தினால் போதும்.

முன்பு இல்லாமல் புதிதாக வந்திருந்தால், அல்லது மெதுவாகப் போகும்போதும் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், இயல்பு என்று விடக் கூடாது. இரண்டு முன் டயர்களின் அழுத்தம், லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) பின் புஷ், இன்ஜின் மவுன்ட் என்ற வரிசையில் பாருங்கள். ஆக்சிலரேட்டரை விடும்போது எதிர்ப்பக்கம் ஒரு துள்ளல் வந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பின் புஷ்தான்.

"வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்குகிறது"

205 ஜிடிஐ இந்தக் குணத்துக்கே பேர் போனது. வளைவின் நடுவில் காலை எடுத்தால் எடை முன்னால் சாய்கிறது, பின் டயர்களுக்குப் பிடிப்பு குறைகிறது, வால் வெளியே வருகிறது. சின்ன வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள வண்டிகளில் இது சட்டென்று நடக்கும். தெரிந்தவர்களுக்கு அது ஒரு கருவி. தெரியாதவர்களை அது சாலையிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

ஓட்டும் முறை முதலில்: வேகத்தை வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே குறையுங்கள். உள்ளே போன பிறகு ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தபடி இருங்கள். பயத்தில் காலைச் சட்டென்று எடுப்பதும் பிரேக்கை மிதிப்பதும்தான் ஆபத்து. இதைப் பழக மூடிய மைதானமோ ஓட்டுநர் பயிற்சித் தளமோ வேண்டும். பொதுச்சாலை அதற்கான இடமே இல்லை.

இனி வண்டி. முன்பு இல்லாத வழுக்கல் இப்போது வருகிறதா? முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயர்கள் சீக்கிரம் தேயும் என்பதால் புது டயர்களை முன்னால் போட்டு, பழையதைப் பின்னால் தள்ளிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஈரச் சாலையில் இதைவிட மோசமான யோசனை கிடையாது. இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியவை பின்னால் போகட்டும். பின் ஆக்சில் புஷ், பின்பக்க அலைன்மென்ட் இரண்டையும் அப்புறம் பாருங்கள்.

"பள்ளத்தில் டக் டக் என்று அடிக்கிறது"

சின்னச் சின்ன மேடுகளில், குறைந்த வேகத்தில் வரும் லேசான டக் டக், பத்தில் ஏழெட்டு முறை ஆன்டி ரோல் பாரின் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க்தான். மலிவான பாகம், மாற்றுவதும் எளிது. வண்டியின் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஏறும் வேகத்தடையில் சத்தம் இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் ஏறும் பள்ளத்தில் சத்தம் வந்தால் அந்தச் சந்தேகம் வலுப்படும்.

நின்ற நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவது போல "டொய்ங்" என்று கேட்டால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுன்ட் அல்லது அதன் பேரிங். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு "டொக்" என்றால் லோயர் ஆர்ம் புஷ், அல்லது சக்கரப் பக்கத்தில் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட். பால் ஜாயின்டில் ஆட்டம் தெரிந்தால் வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள். அது கழன்றால் சக்கரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது.

குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் மட்டும் அடியிலிருந்து தகரச் சத்தம் வந்தால் சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். ஆபத்தில்லை, ஒரு கிளாம்ப் போதும்.

தாழ்த்தும் ஸ்பிரிங் போட்ட வண்டியில் "பள்ளத்தில் விழுந்தால் முதுகு நோகிறது" என்ற புகார் தனி. ஸ்பிரிங்கின் உயரம் குறைந்தால் ஷாக் அப்சார்பர் மேலே போவதற்கான தூரமும் குறையும். கடைசியில் வண்டி பெரும்பாலான நேரம் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் மேலேயே உட்கார்ந்து ஓடும். அது இறுக்கமான சஸ்பென்ஷன் கிடையாது, சஸ்பென்ஷனே இல்லாத நிலை. வளைவில் பிடிப்பும் குறையும். ஒரிஜினல் ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எத்தனையோ பேர் அதன் பிறகுதான் தங்கள் வண்டி எவ்வளவு நன்றாக ஓடும் என்று தெரிந்துகொண்டார்கள்.

"வேகம் கூடக் கூட ஊங்காரம்"

டயரா, பேரிங்கா என்பதுதான் கேள்வி. காலியான நேர்ச்சாலையில் மிதமான வேகத்தில் போகும்போது ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் அசையுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச்சக்கரத்தின் மேல் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங், எதிர்மாறாக இருந்தால் இடப்பக்கம். திருப்பினாலும் மாறாமல், சாலைப்பரப்பு மாறும்போது மட்டும் மாறினால் டயர்.

முழுதாகத் திருப்பி மெதுவாக நகரும்போது "கட கட கட" என்று சீராக வந்தால் டிரைவ் ஷாஃப்டின் வெளி சிவி ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு). அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். உறை கிழிந்த உடனே பார்த்தால் உறையை மட்டும் மாற்றிக் கிரீஸ் போட்டுத் தப்பிக்கலாம். சத்தம் தொடங்கிய பிறகு ஜாயின்டையே மாற்ற வேண்டிவரும்.

"பிரேக் மிதி மெத்தென்று இருக்கிறது"

மலைப்பாதையில் உற்சாகமாக இறங்கி வந்த பிறகு மிதி ஆழமாகப் போகிறதா? பிரேக் ஆயில் கொதித்திருக்கலாம். இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 டிகிரிதான். டாட் 5.1-க்கு இவை 260, 180. கொதித்தால் நீராவிக் குமிழ் உண்டாகும், குமிழ் அமுங்கும், மிதி கீழே போய்விடும்.

உடனே செய்ய வேண்டியது: கியரைக் குறைத்து இன்ஜின் பிடியில் வேகத்தைத் தணித்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். பிறகு ஆயிலை முழுதாக மாற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல பழக்கம். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. டாட் 4 அல்லது 5.1 போட வேண்டிய வண்டியில் அதைக் கலக்கவே கூடாது. குளிர்ந்த வண்டியிலும் மிதி மெத்தென்று இருந்தால் காற்று புகுந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. அந்த நிலையில் வண்டியை எடுக்காதீர்கள்.

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் அதிர்ந்தால் முன் டிஸ்க். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று உடனே சொல்வார்கள். பல நேரம் பேட் பொருள் டிஸ்க்கில் சீரில்லாமல் படிந்ததுதான் காரணம். கடுமையாகப் பிரேக் பிடித்துச் சூடான உடனே மிதியை அழுத்திக்கொண்டே நின்றால் இது நடக்கும். நின்ற பிறகு மிதியை விட்டு, கியரிலோ கைப்பிரேக்கிலோ நிறுத்தப் பழகுங்கள். சமதரையில் கைப்பிரேக்கும் வேண்டாம்.

"கியர் விழ மறுக்கிறது, கிளட்ச் நழுவுகிறது"

கிளட்ச் நழுவுகிறதா என்று பார்க்க: இன்ஜின் சூடான பிறகு, சமமான சாலையில், மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 2,500 ஆர்.பி.எம்.மில் ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் துள்ளினால் தட்டு முடிந்துவிட்டது. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்து மிச்சத்தையும் எரிக்க வேண்டாம்.

காலையில் முதல் சில கிலோமீட்டர் இரண்டாம் கியர் இறுக்கமாக இருப்பது பழைய எம்எக்ஸ்-5 முதல் பல வண்டிகளில் பார்க்கும் இயல்பு. கியர் ஆயில் சூடானதும் சரியாகும். சூடான பிறகும் கரகரத்தால் ஒரு சின்னச் சோதனை. இன்ஜின் ஐடிலில் இருக்க, கிளட்சை முழுதாக மிதித்து மூன்று நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் ஸ்லேவ் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் சின்ன சிலிண்டர்) கசிகிறதா என்று பாருங்கள். பழைய எம்எக்ஸ்-5களில் அது அடிக்கடி போகும் பாகம். கையடக்கமானது, மாற்றுவதும் எளிது. ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓடும்போது இரண்டாம் கியர் மட்டும் கரகரத்தால் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்திருக்கும்.

கியர் ஆயில் வாங்கும்போது கையேட்டில் ஜிஎல்-4 என்ற ஆயில் தரம் இருந்தால் ஜிஎல்-4-தான். எண் பெரிது என்று ஜிஎல்-5 ஊற்றினால் அதிலிருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் பித்தளை சிங்க்ரோவைக் கெடுக்கலாம்.

"இன்ஜினில் இழுவை இல்லை"

முதலில் எந்த இன்ஜின் என்று பாருங்கள். டர்போ இல்லாத சின்ன இன்ஜினின் உயிர் மேல் ஆர்.பி.எம்.மில் இருக்கிறது. 2,000-இல் ஐந்தாவது கியரில் அழுத்திவிட்டு இழுவை இல்லை என்றால் அது நோயல்ல. கியரைக் குறையுங்கள். இன்ஜின் சூடான பிறகு சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போவது அதற்குப் பழகிய வேலைதான். முதல் தலைமுறை 86-இல் நடு ஆர்.பி.எம். பகுதியில் ஒரு தொய்வு உண்டு. அது பிறவிக் குணம்.

நேரடி எரிபொருள் பீய்ச்சலோடு வரும் சின்ன டர்போ இன்ஜினில் வேறு எச்சரிக்கை. குறைந்த ஆர்.பி.எம்.மில், உயர்ந்த கியரில் முழுதாக அழுத்தினால் தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றி வெடிக்கும் நிலை வரலாம். பிஸ்டனையே உடைக்கும் அளவுக்கு அது கடுமையானது. அதைத் தடுக்கும் சோதனையோடு வந்த ஆயில் தரங்கள் ஏபிஐ எஸ்என் பிளஸ், அடுத்து 2020-இல் வந்த எஸ்பி. இந்த வகை இன்ஜினுக்கு ஆயில் வாங்கும்போது டப்பாவில் எஸ்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி உண்மையான கோளாறு. இன்ஜின் விட்டு விட்டு ஓடி, செக் இன்ஜின் விளக்கு சிமிட்டினால் உடனே ஆக்சிலரேட்டரைக் குறைத்து நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் குறியீட்டைப் படிக்கலாம். கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி-2 பொருத்துவாய் அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயம். டேஷ்போர்டின் கீழே இருக்கும். சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள்.

பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை என்று பொருள். அந்த இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதோடு இடம் மாற்றுங்கள். குறியீடு பி0303 ஆனால் காயில்தான் கெட்டது. பி0302-ஆகவே இருந்தால் ஸ்பார்க் பிளக்கை அதே முறையில் மாற்றிப் பாருங்கள். அதிலும் மாறாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் சோதனை. செலவே இல்லாத இந்த முறையைச் செய்யாமல் நான்கு காயிலையும் ஒன்றாக மாற்றாதீர்கள்.

டர்போ வண்டியில் அழுத்தும்போது மட்டும் புஸ் என்ற சத்தமும் இழுவைக் குறைவும் வந்தால் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கிழிசல் இருக்கும், அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும். நேரடிப் பீய்ச்சல் இன்ஜின், நிறைய கிலோமீட்டர் ஓடியது, குளிரில் ஐடில் தடுமாறுகிறது என்றால் இன்டேக் வால்வுகளில் கரி படிந்திருக்கலாம். இந்த வகையில் பெட்ரோல் வால்வின் மேல் படாமல் நேராக சிலிண்டருக்குள் போவதால் கழுவிவிட ஆளில்லை. அரைத்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். பெட்ரோலில் ஊற்றும் மருந்து அந்த இடத்தைப் போய்ச் சேரவே சேராது.

1989 முதல் 1991 தொடக்கம் வரை வந்த எம்எக்ஸ்-5 வாங்குபவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. அவற்றின் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை பலவீனமான வடிவமைப்பு. இன்ஜின் ஓடும்போது கிராங்க் புல்லி ஆடினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், அல்லது இன்ஜின் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

"ஆயில் குறைகிறது, புகை வருகிறது"

அதிக ஆர்.பி.எம்.மில் வாழும் இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு குறைந்த நிலையில் நீண்ட வளைவில் வேகமாகப் போனால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். விளக்கு எரியும்வரை காத்திருந்தால் பேரிங் போயிருக்கும்.

அழுத்தும்போது நீலப் புகை என்றால் பிஸ்டன் வளையம் அல்லது டர்போ. நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தும்போது ஒரு நீலக் குப்பென்றால் வால்வ் சீல். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. சூடான பிறகும் நிற்காத, இனிப்பு வாசனையுள்ள வெள்ளைப் புகை கூலன்ட். ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்காமல் ஓட்டாதீர்கள்.

வெப்பமானி நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் ஆயில் சூடாகிவிட்டது என்று பொருளில்லை. கூலன்ட் முதலில் சூடாகும், ஆயில் பின்தங்கியே வரும். இன்னும் சில கிலோமீட்டர் பொறுங்கள்.

"ஒரு வாரம் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை"

மல்டிமீட்டரை எடுங்கள். சில மணி நேரம் நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும், வராவிட்டால் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். எல்லாம் சரி, ஆனால் நின்றால் இறங்குகிறது என்றால் பின்னால் சேர்த்த ஸ்டீரியோ, அலாரம், கேமரா எதுவோ உறிஞ்சுகிறது. பழைய எம்எக்ஸ்-5இல் பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால் சீல் செய்த ஏஜிஎம் வகையை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறவைத்த பேட்டரி) போட்டு, வாயு வெளியேறும் குழாயையும் இணைக்க வேண்டும். சாதாரண பேட்டரி வைத்தால் அமில ஆவி தகரத்தைத் தின்றுவிடும்.

"மழைக்குப் பிறகு கார்ப்பெட் ஈரம்"

மடக்குக் கூரை வண்டியில் துணி கிழிந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதற்கு முன் வடிகாலைப் பாருங்கள். எம்எக்ஸ்-5இல் கூரையிலிருந்து வழியும் தண்ணீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள வடிகால் வழியாகக் கீழே போக வேண்டும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் உள்ளே வழியும், அல்லது கதவுக்குக் கீழே உள்ள சில் பெட்டிக்குள் தேங்கும். மெல்லிய, வளையும் பிளாஸ்டிக் கம்பியை மெதுவாக விட்டு அடைப்பை எடுங்கள். காற்றழுத்தத்தை ஊதாதீர்கள், உள்ளிருக்கும் குழாய் கழன்றுவிடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் பின்சக்கரத்துக்கு முன்னால் தாராளமாக வடிய வேண்டும்.

வடிகால் பல வருடம் அடைத்திருந்தால் சில்லின் பின்முனை உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், விளிம்பின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்தோ தகடு நெளிந்தோ இருந்தால் அது மேல்பூச்சு வேலையில் தீராது. கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வாங்கப்போகும் வண்டியில் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே இந்த இடத்தைப் பாருங்கள், கீழே படுத்து, டார்ச் அடித்து. அங்கே புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் பூசியிருந்தால் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது புட்டி.